தடுக்காத அதிகாரம்

ஒரு நிறுவனத்தில் படைப்பூக்கம் பெருக வேண்டுமானால் ஊழியர்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்ற கூற்றை இன்று மறுப்பவர் அரிது. ஆனால் அந்தச் சுதந்திரம் எதனால் ஆனது, அதை யார் யாருக்குத் தருகிறார்கள், எந்த நெருக்கடி வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதும் அந்த ஒருமித்த கருத்து கலைந்துவிடுகிறது. வண்ணம் தீட்டிய சுவர்களும், அலுவலகத்துக்குள்ளேயே விளையாட்டு மேசையும், விரும்பிய நேரத்தில் வந்துபோகும் ஏற்பாடும் சுதந்திரத்தின் அடையாளங்களாகக் காட்டப்படுகின்றன. இவை பணியிடத்தை இனிமையாக்கக்கூடும். எனினும், கடந்த ஒரு நூற்றாண்டில் புதிய பொருள்கள் பிறந்த ஆய்வுக்கூடங்களின் வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு கூறுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தக் காரணங்களும் இருந்தன. இருந்தும் அவர் பயன்படுத்தாமல் விட்டார், அல்லது அவருடைய அதிகாரம் எட்டாத ஓர் இடத்தில் வேலை தொடர்ந்தது. ஊழியரின் சுதந்திரத்தை அளக்க வேண்டுமானால், அவருக்குத் தரப்பட்ட சலுகைகளை எண்ணுவதைவிட, மேலிருப்பவர் தம்மீதே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பார்ப்பது பொருத்தமானது.

பணியிடச் சுதந்திரம் ஒரு சிக்கலாக எழுந்ததே, அது திட்டமிட்டு அகற்றப்பட்ட பிறகுதான். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1911இல் வெளியிட்ட அறிவியல் மேலாண்மை பற்றிய நூல், ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, கடிகாரம் வைத்து அளந்து, மிகச் சிறந்த ஒரே வழியைக் கண்டறிந்து, தொழிலாளியை அந்த வழியிலேயே வேலை செய்ய வைப்பது நிர்வாகத்தின் கடமை என்று வரையறுத்தது. அதுவரை கைவினைஞரின் பழக்கத்திலும் உள்ளுணர்விலும் இருந்த தொழிலறிவு, திட்டமிடும் அறைக்கு இடம் மாறியது. சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர் என்ற பிரிவினை தொழிற்சாலையின் அமைப்பாகவே ஆகிவிட்டது. உற்பத்தி பெருகியது என்பதும், பல இடங்களில் கூலி உயர்ந்தது என்பதும் உண்மை. அதற்குக் கொடுத்த விலை, வேலையைச் செய்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய குறைகளும் வாய்ப்புகளும் மேலே போய்ச் சேரும் வழி அடைபட்டுப் போனது. வழி ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டது என்று நம்பும் நிறுவனத்தில் புதிய வழியைச் சொல்பவர் இடையூறாகவே தெரிவார்.

இந்தப் பின்னணியில், டெய்லரின் கொள்கைகள் செல்வாக்கின் உச்சத்தில் இருந்த அதே காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வளர்ந்த 3எம் என்ற நிறுவனத்தின் வரலாறு தனிக் கவனத்துக்கு உரியது. 1902இல் டூ ஹார்பர்ஸ் என்ற ஊரில், சாணைக்கல் செய்யப் பயன்படும் குருந்தம் என்ற கடினமான கனிமத்தை வெட்டியெடுப்பதற்காக அது தொடங்கப்பட்டது. வெட்டிய பிறகுதான் அங்கிருந்தது குருந்தமே அல்ல, தரம் குறைந்த வேறொரு பாறை என்று தெரியவந்தது. சுரங்கம் பயனற்றுப்போகவே, நிறுவனம் உப்புத்தாள் தயாரிப்புக்கு மாறியது. 1907இல் துணைக் கணக்கராகச் சேர்ந்த வில்லியம் மெக்நைட் 1914இல் பொது மேலாளராகவும் 1929இல் தலைவராகவும் உயர்ந்தார். தொடக்கமே தவறான கணிப்பாக அமைந்த நிறுவனத்தில் வளர்ந்த ஒருவர், மேலிருந்து செய்யப்படும் கணிப்புகளின்மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்காதது இயல்பே எனலாம்.

மெக்நைட்டின் கொள்கை எழுத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது சோதனைக்கு உள்ளானது. 1921இல் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். பொறியியல் படிப்பை முடிக்காமல் விட்டவர், நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர். நீரில் நனைத்துப் பயன்படுத்தும் புதிய வகை உப்புத்தாளின் மாதிரிகளைச் செயின்ட் பால் நகரின் கார்ப் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அக்காலத்தில் கார்களுக்கு இரட்டை வண்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வண்ணத்தைப் பூசும்போது மற்றொன்றை மறைத்துவைக்கப் பெயின்டர்கள் செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டினார்கள். பிய்த்தெடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. இந்த அவதியைப் பார்த்த ட்ரூ, எளிதில் ஒட்டி எளிதில் உரியும் நாடா ஒன்றைச் செய்து தருவதாக அவர்களிடம் வாக்களித்தார். உப்புத்தாள் நிறுவனத்துக்கும் ஒட்டும் நாடாவுக்கும் தொடர்பு இல்லை என்பதோ, அவரை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை என்பதோ அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை.

நீண்ட முயற்சிக்குப் பிறகும் பயன் தெரியாததால், உப்புத்தாள் வேலைக்குத் திரும்புமாறு மெக்நைட் அவரிடம் சொன்னார். முதலில் கீழ்ப்படிந்த ட்ரூ, சுருக்கங்கள் கொண்ட க்ரேப் காகிதம் நாடாவுக்கு ஏற்றதாக இருக்கும் என்று தோன்றியதும் மீண்டும் அதே வேலையில் இறங்கினார். அவர் அதைச் செய்துகொண்டிருப்பதை மெக்நைட் கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நாடா தயாரிக்கும் இயந்திரத்துக்குப் பணம் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார். ட்ரூவுக்கு 100 டாலர் வரையிலான கொள்முதல் ஆணையில் தாமே கையெழுத்திடும் உரிமை இருந்தது. அந்த வரம்புக்குள் அடங்கும் ஆணைகளாக ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, இயந்திரத்தைப் பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்தார். 1925இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. 1930இல் அதே மனிதரின் செல்லோபேன் நாடா வந்தது. உப்புத்தாள் நிறுவனம் ஒட்டும் பொருள்களின் நிறுவனமாக மாறியது இவ்வாறுதான்.

இந்த வரலாற்றை அடங்காத ஊழியர் ஒருவரின் வெற்றிக் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அதன் நுட்பம் மெக்நைட்டின் பக்கத்தில் இருக்கிறது. அவர் ட்ரூவின் கணிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலீடு செய்யவும் மறுத்தார். அதே வேளையில், தமது ஆணை மீறப்பட்டதைக் கண்ணால் கண்டும் தண்டிக்கவில்லை. ஊழியரின் கருத்தோடு உடன்படுவதும் ஊழியர் தொடர்ந்து முயல்வதைப் பொறுத்துக்கொள்வதும் வேறுவேறு செயல்கள் என்பதை அவர் நடைமுறையில் பிரித்துக் காட்டினார். பெரும்பாலான மேலாளர்கள் முதலாவதைச் செய்தால்தான் இரண்டாவதைச் செய்ய முடியும் என்று கருதுகிறார்கள். தமக்குப் புரியாத, தாம் நம்பாத ஒரு முயற்சிக்கு இடம் தருவது கடமை தவறுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. 1948இல் மெக்நைட் தமது நிர்வாகக் கொள்கையை வகுத்தபோது, பொறுப்பைப் பகிர்ந்தளித்தால் தவறுகள் நேரும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஊழியர் செய்யும் தவறுகளைவிட, எப்படிச் செய்ய வேண்டும் என்று நிர்வாகமே ஒவ்வொன்றையும் கட்டளையிடுவது நீண்ட காலத்தில் பெரிய தவறாக முடியும் என்பது அவருடைய முடிவு. தவறுக்குக் கடுமையான கண்டனம் கிடைக்கும் இடத்தில் தாமாக முன்வந்து எதையும் செய்யும் முனைப்பு செத்துவிடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கொள்கையின் நடைமுறை வடிவமே பின்னாளில் புகழ்பெற்ற பதினைந்து விழுக்காட்டு விதி. தொழில்நுட்பப் பணியாளர் தம் வேலை நேரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தாமே தேர்ந்தெடுத்த முயற்சிக்குச் செலவிடலாம் என்பது அதன் சாரம். விதி என்று பெயர் பெற்றாலும் அது கணக்கெழுதி வசூலிக்கப்பட்ட நேரமாக இருந்ததில்லை. சிலர் அதைவிடக் கூடுதலாகச் செலவிட்டார்கள், பலர் எதையுமே செலவிடவில்லை. அந்த எண்ணின் பயன் வேறு: மேலதிகாரி வந்து கேட்டால், அனுமதி பெறாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர் வெட்கப்படாமல் பதில் சொல்வதற்கு அது ஓர் ஆதாரமாக இருந்தது. இத்துடன், நிர்வாகப் பதவிக்கு மாறாமலேயே ஆய்வாளராக இருந்துகொண்டு ஊதியத்திலும் மதிப்பிலும் உயர்வதற்கான இரட்டை ஏணி முறையும், வேறு வேறு பிரிவுகளின் ஆய்வாளர்கள் தத்தம் கண்டுபிடிப்புகளை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கும் கருத்தரங்குகளும் சேர்ந்துகொண்டன.

இந்த ஏற்பாடுகளெல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பதை மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டின் வரலாறு காட்டுகிறது. 1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசையைத் தேடும் ஆராய்ச்சியில், அதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார்: ஒட்டும், ஆனால் கறை விடாமல் உரியும், மீண்டும் ஒட்டும். எதற்குப் பயன்படும் என்று அவருக்கே தெரியாத அந்தப் பசையைப் பற்றி அவர் ஐந்தாண்டுகள் நிறுவனத்தின் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தவர்களில் ஒருவரான ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடும்போது பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் கீழே விழுவதைக் கண்டு சலித்து, 1974இல் சில்வரின் பசையை நினைவுகூர்ந்தார். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கழிவாகக் கிடந்த தாளின் நிறமே அந்தச் சீட்டின் நிறமாயிற்று. 1977இல் நான்கு நகரங்களில் வேறு பெயரில் விற்றுப் பார்த்தபோது வாங்குவாரில்லை; மறு ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பிறகு, பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அது நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது.

கண்டுபிடிப்புக்கும் விற்பனைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இதில் பாட்டுப் புத்தகத்து அடையாளத் தாள் விழுந்த கணத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டிலும் முக்கியமானது, பயன் இல்லாத ஒரு பசையைப் பற்றி ஐந்தாண்டுகள் பேச ஒருவருக்கு வாய்ப்பும், அதைக் கேட்க மற்றவர்களுக்கு நேரமும் இருந்தது என்பது. ஃப்ரைக்குத் தனிமையில் உதித்த எண்ணமாக அதைக் கருதினால், அவர் காதில் முன்னமே விழுந்திருந்த செய்தியை மறந்தவர்கள் ஆவோம். தன் போக்கில் வேலை செய்ய ஒருவரை விட்டுவிடுவது மட்டும் போதாது. அவர் செய்வதை மற்றவர்கள் அறியும் வழிகளும் திறந்திருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்திலேயே இந்த மரபு எவ்வளவு எளிதில் குலையக்கூடியது என்பதும் பின்னாளில் தெரியவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்து, 2001 முதல் 2005 வரை 3எம்மை நடத்திய ஜேம்ஸ் மெக்நெர்னி, செலவைக் குறைத்து ஒழுங்கைப் புகுத்தும் நோக்குடன் சிக்ஸ் சிக்மா முறையை நிறுவனம் முழுவதும் நடைமுறைப்படுத்தினார். 1980களில் மோட்டரோலாவில் உருவான அந்த முறை, ஒரு செயல்பாட்டின் ஏற்ற இறக்கங்களைப் புள்ளியியல் கொண்டு அளந்து, பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழைகள் என்ற அளவுக்குக் குறைக்க முயல்வது. தொழிற்கூடத்தில் அதன் பயன் மறுக்க முடியாதது. ஒரே பொருளை லட்சம் முறை செய்யும் இடத்தில் வேறுபாடு என்பது குறையே. ஆய்வுக்கூடத்திலோ வேறுபாடுதான் விளைச்சல். ஒவ்வொரு கட்டத்திலும் சந்தை அளவையும் எதிர்பார்க்கும் வருமானத்தையும் எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால், எதற்கும் பயன்படாத சில்வரின் பசை முதல் படிவத்திலேயே விழுந்திருக்கும். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி, ஆய்வுப் பிரிவுகளில் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார். மெக்நெர்னி தீய எண்ணம் கொண்டவர் அல்லர். அவர் காலத்தில் லாபம் உயர்ந்தது. நல்ல நோக்கத்துடன், நல்ல கருவியைக் கொண்டே சுதந்திரம் சுருங்கிவிட முடியும் என்பதே இதில் கவலைக்குரியது.

உளவியல் சொல்வது

கட்டுப்பாடு படைப்பூக்கத்தைக் குறைப்பது ஏன் என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் அளித்த விடை, தூண்டல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வேலையின் சுவைக்காகவே அதைச் செய்யும் உந்துதல் அகத் தூண்டல் எனவும், பரிசுக்காகவோ பாராட்டுக்காகவோ தண்டனைக்கு அஞ்சியோ செய்யும் உந்துதல் புறத் தூண்டல் எனவும் வழங்கப்படுகின்றன. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர்க் கட்டைகளை விரும்பி அடுக்கிய மாணவர்களுக்கு இடையில் பணம் தரப்பட்டது. பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரில் ஈடுபட்ட நேரம் முன்பைவிடக் குறைந்தது. அவரும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் வளர்த்த தன்னிர்ணயக் கோட்பாடு, தாமே தீர்மானித்துச் செய்கிறோம் என்ற உணர்வு, செய்ய வல்லோம் என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படைத் தேவைகள் என்கிறது.

தெரசா அமபிலே இதைப் படைப்பாற்றலுக்கு நேரடியாகப் பொருத்திப் பார்த்தார். 1985இல் அவர் வெளியிட்ட சோதனையில் இளம் எழுத்தாளர்கள் 72 பேர் சிறு கவிதைகள் எழுதினர். எழுதுவதற்கு முன் ஒரு குழுவினர் எழுத்தில் கிடைக்கும் உள்ளார்ந்த மகிழ்ச்சி தொடர்பான காரணங்களையும், மற்றொரு குழுவினர் பணம், புகழ் முதலிய காரணங்களையும் படித்து வரிசைப்படுத்தினர். புறக் காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப் பார்த்ததே இரண்டாம் குழுவினரின் கவிதைகளைத் தரம் தாழ்த்தப் போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் நிறுவனங்களை ஆராய்ந்த அமபிலே, எந்த மலையில் ஏறுவது என்பதை மேலிருப்பவர் முடிவுசெய்யலாம், எப்படி ஏறுவது என்பதை ஏறுபவரிடம் விட்டுவிட வேண்டும் என்ற வகையில் குறிக்கோளையும் வழிமுறையையும் பிரித்தார். அடிக்கடி மாறும் குறிக்கோள் சுதந்திரத்தைத் தருவதில்லை. போகும் திசை தெரியாத ஊழியர் தம் நேரத்தையெல்லாம் மேலாளரின் மனத்தை ஊகிப்பதிலேயே கழிக்கிறார். குறிக்கோளே இல்லாமல் விட்டுவிடுவதைச் சுதந்திரம் என்று கருதும் நிறுவனங்கள், இந்த வேறுபாட்டை அறியாமல்தான் ஏமாற்றம் அடைகின்றன.

அச்சத்தைப் பற்றிய ஆய்வு இதற்குத் துணையாக நிற்கிறது. மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை 1990களில் ஆராய்ந்த ஏமி எட்மன்ட்சன், நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் பிழைகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார்; கூடுதலாகப் பதிவாயின. அந்தக் குழுக்கள் கூடுதலாகத் தவறிழைக்கவில்லை. தவறுகளை மறைக்காமல் சொல்லும் துணிவு அங்கே இருந்தது. கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ அவமானப்படுத்தப்பட மாட்டோம் என்ற இந்தப் பொதுவான நம்பிக்கையை அவர் 1999இல் உளப் பாதுகாப்பு என்ற பெயரால் வரையறுத்தார். தண்டிக்காமல் விட்ட மெக்நைட்டின் மௌனம் ஊழியர்களுக்கு என்ன செய்தது என்பதை இந்தக் கருத்து விளக்குகிறது.

மீறலுக்கும் ஓர் எல்லை

கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் கீழ்ப்படியாமை அடிக்கடி தலைகாட்டுவதால், சிறந்த ஊழியர்கள் எப்படியும் மீறிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள் என்ற தவறான ஆறுதல் பரவியிருக்கிறது. செராக்ஸ் நிறுவனத்தின் நியூயார்க் மாநில ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியால் எழுத்தை அச்சிடும் எண்ணத்தைத் தொடர்ந்த கேரி ஸ்டார்க்வெதரை அவருடைய மேலதிகாரி நிறுத்தச் சொன்னார். 1971இல் அதே நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வு மையத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அவரால் வெளிப்படையாக வேலை செய்ய முடிந்தது. 1977இல் செராக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த லேசர் அச்சுப்பொறி அவருடைய உழைப்பில் விளைந்தது. ஹெவ்லெட்-பக்கார்ட் நிறுவனத்தில், கைவிடச் சொல்லி டேவிட் பக்கார்டே ஆணையிட்ட திரைக்கருவியைச் சக் ஹவுஸ் என்ற பொறியாளர் விடாமல் உருவாக்கி விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, ஆணையை மீறியதற்காகவே பக்கார்டு அவருக்குப் பதக்கம் அளித்தார். பெல் ஆய்வகம் ஒரு பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து 1969இல் விலகியபோது, கென் தாம்சன் அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய கணினியில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அடுத்த கணினியை, இயங்குதளம் என்ற பேச்சையே எடுக்காமல், காப்புரிமைப் பிரிவின் ஆவணங்களைத் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருளுக்காக என்று சொல்லித்தான் அவருடைய குழு பெற முடிந்தது.

இவை ஊக்கம் தரும் வரலாறுகள்தாம். ஆனால் தடுக்கப்பட்டு, அடங்கி, எண்ணத்தைக் கைவிட்டவர்களின் வரலாற்றை எந்த நிறுவனமும் எழுதிவைப்பதில்லை. மாற்றலாகிப் போக இன்னோர் ஆய்வுக்கூடம் இல்லாதவர், குடும்பம் முழுவதும் தம் மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர், சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர், பெண் என்பதாலோ ஒப்பந்தப் பணியாளர் என்பதாலோ ஏற்கெனவே கூடுதல் கண்காணிப்பில் இருப்பவர் ஆகியோரிடம் மீறிப் பார் என்று சொல்வது கொடுமை. வேலையைப் பணயம் வைக்கத் துணிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் சுதந்திரத்தை நிறுவனம் தந்த சுதந்திரமாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

மென்பொருள் துறையில் இந்தச் சிந்தனை கூகுள் வழியாகப் பரவியது. 2004இல் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அதன் நிறுவனர்கள் எழுதிய மடல், ஊழியர்கள் நேரத்தில் 20 விழுக்காட்டைத் தாம் பயனுள்ளதாகக் கருதும் எதற்கும் செலவிட ஊக்குவிக்கப்படுவதைச் சொல்லி, கூகுள் நியூஸை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் செய்திகளை ஒப்பிட்டுப் படிக்க வழிதேடி அதை உருவாக்கிய கிருஷ்ண பரத், சென்னை ஐஐடியில் பயின்றவர். ஆனால் வழக்கமான வேலை குறையாமல் இருக்க, இருபது விழுக்காடு மேலதிகமாகச் சேர்ந்தது என்பதை அங்கே உயர் பதவியில் இருந்த மரிசா மேயரே பின்னர் ஒப்புக்கொண்டார். நேரத்தைத் தந்துவிட்டு வேலையைக் குறைக்காமல் இருந்தால், அந்த நேரம் ஊழியரின் உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும்தான் வரும்.

இந்திய மென்பொருள் சேவைத் துறையில் சிக்கல் இன்னும் ஆழமானது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் அலுவலகங்களின் வருமானத்தில் கணிசமான பகுதி, ஊழியரின் மணிநேரத்தை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்பதிலிருந்து வருகிறது. டைம்ஷீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மணியும் ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் பெயரில் விழ வேண்டும். அத்தகைய அமைப்பில் பதினைந்து விழுக்காட்டுச் சுதந்திரம் என்பது, விற்காமல் விடப்பட்ட சரக்காகக் கணக்கில் தெரியும். மேலாளரின் பெருந்தன்மையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. நேரத்துக்குப் பதிலாக விளைவுக்கு விலை பேசும் ஒப்பந்தங்கள் வந்தால்தான், குறைந்த நேரத்தில் முடிக்கும் புதிய வழியைக் கண்டவரால் நிறுவனத்துக்கு ஆதாயம் ஏற்படும். இப்போதைய ஏற்பாட்டில் அவரால் நிறுவனத்தின் வருமானம் குறைகிறது.

தொழிற்கூடத்தின் கயிறு

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஆய்வாளர்களும் பொறியாளர்களும்தாம். உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்குச் சுதந்திரம் பொருந்தாது என்ற எண்ணம் டெய்லரின் காலத்திலிருந்தே வேரூன்றியது. அதைப் பெயர்த்தது ஜப்பானின் டொயோட்டா. 1951இலிருந்து அங்கே தொழிலாளர்கள் யோசனை சொல்லும் திட்டம் நடந்துவருகிறது. அதைவிடவும் துணிவான ஏற்பாடு, குறை தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கக்கூடிய ஆண்டன் கயிறு. இழுத்ததும் விளக்கு எரிந்து குழுத் தலைவர் ஓடிவருவார். குறித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். இங்கே நிறுத்தும் அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கி, வேலையைச் செய்பவரின் கைக்கு வந்துவிட்டது.

இது ஜப்பானியப் பண்பாட்டின் தனித்தன்மை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், தரத்துக்கும் தொழில் அமைதிக்கும் பெயர்கெட்டு 1982இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை, அந்த நிறுவனமும் டொயோட்டாவும் கூட்டாக 1984இல் மீண்டும் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். நிர்வாக முறை மட்டுமே டொயோட்டாவினுடையது. குறுகிய காலத்தில் அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு இணையாக உயர்ந்தது. இந்தியாவில் தொழிலாளர் பங்கேற்புடன் கூடிய தர மேலாண்மையைக் கைக்கொண்டு, ஜப்பானின் டெமிங் பரிசை 1998இல் முதன்முதலாகப் பெற்றது சென்னையின் சுந்தரம்-கிளேட்டன் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

விளைச்சல் யாருக்கு

சுதந்திரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்டுபிடிப்பு பிறக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. பிறந்த பிறகு அது யாருடையது என்ற கேள்வி வழக்கறிஞர்களிடம் விடப்படுகிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில், அனான் என்ற சிறு நகரில் இயங்கும் நிச்சியா நிறுவனத்தில் 1979இல் சேர்ந்த ஷூஜி நகாமுரா, நீல ஒளி உமிழும் எல்இடியை உருவாக்க 1988இல் நிறுவனர் நொபுவோ ஒகாவாவிடம் பணம் கேட்டார். பெரிய நிறுவனங்களே வெல்லாத அந்த ஆராய்ச்சிக்கு ஒகாவா பெருந்தொகையை ஒதுக்கினார். தலைமை மாறிய பின் நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது, நகாமுரா தொடர்ந்தார். 1993இல் பிரகாசமான நீல எல்இடி அறிவிக்கப்பட்டது. இன்று வீடுகளில் எரியும் வெண்ணிற எல்இடி விளக்குகளுக்கு அந்த நீல ஒளியே அடிப்படை.

காப்புரிமைக்காக நகாமுராவுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 20,000 யென். நிறுவனத்தை விட்டு அமெரிக்கா சென்ற அவர் 2001இல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2,000 கோடி யென் தருமாறு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. 2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: பணத்தையும் கருவிகளையும் இழப்புக்கான வாய்ப்பையும் அது ஏற்றது; பிற ஊழியர்களின் உழைப்பும் அதில் கலந்திருந்தது. ஆனால் தோல்வியின் சுமையை நிறுவனம் ஏற்றது என்பதற்காக, வெற்றியின் பங்கை 20,000 யென்னாகக் குறுக்கியது எவ்வகையிலும் பொருந்தாது. 2015இல் திருத்தப்பட்ட ஜப்பானியக் காப்புரிமைச் சட்டம், முன்கூட்டியே விதிகள் வகுத்திருந்தால் கண்டுபிடிப்பின் உரிமை தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துக்குச் சேர இடமளித்தது. அதற்கு ஈடாக, ஊழியருக்குத் தக்க பயன் தர வேண்டிய கடமையையும் வைத்தது.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்புக்கு ஈட்டுத்தொகை வழங்குவது பற்றித் தனிப் பிரிவே கிடையாது. உரிமை எவருக்கு என்பதைப் பணி ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. வேலையில் சேரும் நாளன்று நீட்டப்படும் தாள்களில், பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை என்ற ஒரு பத்தி இருக்கும். அதில் கையெழுத்திடும் இளைஞருக்கு அதைப் பற்றிப் பேரம் பேசும் வலிமையோ, பல நேரங்களில் அதைப் படித்துப் பார்க்கும் அவகாசமோ இருப்பதில்லை. ஊழியர்களின் படைப்பூக்கத்தை வளர்ப்பதாக விளம்பரம் செய்யும் நிறுவனம் எதுவாயினும், அந்தப் பத்திக்கு அடுத்ததாக, உருவாக்கியவருக்கு எவ்வளவு பங்கு, அதை யார் எந்த அடிப்படையில் கணக்கிடுவார்கள், உடன்பாடு இல்லையென்றால் யாரிடம் முறையிடலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும்.